மிஸ் டேக்ரஸும் நிறுவனரின் கல்லறையும்

"வயித்து வலியா? எந்தப் பக்கம்? மூணாவது பீரியடு பக்கமா?"

கேட்டுவிட்டு மிஸ் யூலலி டேக்ரஸ் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் எல்லா வகுப்புகளின் கால அட்டவணையையும் ஒட்டி வைத்திருக்கிறார். அதில் விரலை ஓட்டுவார். "நாலாம் ஃபாரம் சி. செவ்வாக்கிழமை. மூணாவது பீரியடு பிரெஞ்சு. பிரெஞ்சுக்கு நம்மகிட்ட மருந்து இருக்கு."

மருந்து என்பது செரசி. வேலியோரம் படரும் காட்டுப் பாகல் கொடியைக் கொதிக்க வைத்த கஷாயம். சர்க்கரை கிடையாது. ஒரு வாய் குடித்தவர்கள் பிரெஞ்சே தேவலை என்று வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். நிஜமாகவே வலிக்கிறவர்கள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழு டம்ளரையும் குடித்துவிட்டுப் படுப்பார்கள். ஒரே ஒருத்தன் இரண்டாவது டம்ளர் கேட்டிருக்கிறான். "அவன் கேட்டவுடனே நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். குடல்வால். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா வெடிச்சிருக்கும்."

பெம்பர்ட்டன் உயர்நிலைப்பள்ளியின் நோயறையில் ஐம்பத்தேழு வருஷமாக வேலை பார்க்கிறார்; மேட்ரன், அதாவது தலைமைத் தாதி. இரண்டு முறை ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு முறையும் மாலை, உரை, சுவர்க் கடிகாரம். கடிகாரம் கொடுத்தவர்கள் நோயறைச் சாவியைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள். இவரும் நினைவூட்டவில்லை. மறுநாள் காலை கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தோடு, ரப்பர் செருப்பில் வந்து கதவைத் திறந்தார். இரண்டு சுவர்க் கடிகாரங்களும் இப்போது எதிரெதிர்ச் சுவர்களில் வெவ்வேறு நேரம் காட்டிக்கொண்டிருக்கின்றன. "ரெண்டும் என்னிக்கு ஒத்துப்போவுதோ அன்னிக்கு ரிட்டயர் ஆவறேன்" என்கிறார்.

நான் இங்கே சரித்திர ஆசிரியர். என் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை. "என்ன சரித்திரம், தலைவலியா?" என்பார். பள்ளியின் இருநூற்றைம்பதாவது ஆண்டுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். தலைமையாசிரியர்கள் வரிசையைச் சரிபார்க்க அவரிடம் போனபோது, பெயர்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அவருடைய காலக்கணக்கு வேறு. தட்டம்மை வருஷம், பேன் வருஷம், கண்வலி வருஷம், கருவாடு கெட்டுப்போய் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே கக்கூஸுக்கு ஓடிய வருஷம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததைக் கேட்டால், "அப்ப நான் சின்னப் பொண்ணு. எனக்கு அக்கி" என்றார்.

பழைய மாணவர்களுக்கு அவர் என்றால் உள்ளூரப் பயம். இந்தப் பள்ளி மந்திரிகளையும் ஆயர்களையும் வங்கித் தலைவர்களையும் உற்பத்தி செய்த பள்ளி. அத்தனை பேருடைய நாக்கையும் பார்த்தவர் இவர். புதிய ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சுகாதார மந்திரி வந்தபோது, போலீஸ் வரிசையைத் தாண்டிப் போய் அவர் தலையைக் கொஞ்சம் குனியச் சொல்லி, காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "இப்ப பரவால்ல. மூணு வருஷம் பேன் வளர்த்தவன், இவனுக்குச் சுகாதாரம் குடுத்திருக்காங்க" என்று திரும்பி வந்தார். மந்திரி சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்.

நிறுவனரிடமும் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. ஜோனஸ் பெம்பர்ட்டன், கரும்புத் தோட்ட முதலாளி, சாகும்போது ‘இவ்வட்டாரத்து ஏழைச் சிறுவர்கள் கல்வி பெற’ சொத்தை எழுதி வைத்தவர். ஏழை என்று அவர் சொன்னது ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களை. எங்களைப் போன்ற கறுப்பு நிறத்தில் ஒருவன் உள்ளே வர நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. அந்த உயிலின் முதல் பக்கம் நூலகத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. "ரெண்டாம் பக்கத்தை ஏன் மாட்டல தெரியுமா, சரித்திரம்? அதுல அடிமையா இருந்த நம்ம ஆளுங்க பேரு இருக்கு. கோவேறு கழுதைங்க பேருக்குக் கீழ. கழுதைக்கெல்லாம் வயசும் போட்டிருக்கான்."

அந்தப் பெம்பர்ட்டனின் கல்லறை பள்ளித் தேவாலயத்தின் முன்புறம், பெரிய மாமரத்தை ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் நிறுவனர் தினத்தன்று அதற்கு மலர்வளையம் வைக்கிறோம். 1968இல் வைக்கப் போனபோது அதற்கு முந்தின மாலையே வேறொரு அபிஷேகம் நடந்திருந்தது. யாரோ ஒரு மாணவன் கல்லறைமேல் மூத்திரம் பெய்துவிட்டான். ஆர்ம்ஸ்பி பாதிரியார் என்ற ஆங்கிலேயத் தலைமையாசிரியர் தன் அறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். பார்த்தது முதுகை மட்டும். காக்கிச் சட்டை போட்ட முதுகு. பள்ளியில் அப்படி முந்நூறு முதுகுகள் இருந்தன. அதற்கு முந்தின வாரம் வகுப்பில் எழுந்து, "சார், ஏழைச் சிறுவர்கள்னா அதுல நாங்களும் உண்டா?" என்று கேட்டவன் ஒருவன்தான். கிழங்கு விற்கிறவளின் மகன், உதவித்தொகையில் படித்த வில்மட் பின்னக், பதினான்கு வயது. பாதிரியாருக்கு முதுகு அடையாளம் தெரிந்துவிட்டது. மறுநாளே வெளியேற்றினார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. பின்னக் பிறகு தலைநகர் கிங்ஸ்டனுக்குப் பஸ் ஓட்டினார். பஸ்ஸின் பின்னால் பெரிய எழுத்தில் ‘நிறுவனர் தினம்’ என்று எழுதியிருப்பார். அதன் பின்னால் போகிற எவரும் சிரிக்காமல் போனதில்லை.

போன செப்டம்பரில், விழாக் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி லாசல்ஸ் ஃபேசி. தேநீர் கேட்டால்கூடத் தீர்ப்பு வாசிப்பதுபோல் கேட்பவர். புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். ‘1968 நவம்பரில், அடிமைகளை வைத்திருந்த ஒருவரின் கல்லறைமீது, பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் இனத்தின் கோபத்தை வடித்தான். அந்த மாணவன் நான்தான்.’ நிறுவனர் தின உரையிலும் இதையே அறிவிக்கப் போவதாகச் சொன்னார்.

"அது பின்னக் இல்லையா?" என்றேன்.

"பின்னக் வேற விஷயம். ஊர் வதந்தி. அதுக்குள்ள நாம போக வேண்டாம்."

தாளை எடுத்துக்கொண்டு நோயறைக்குப் போனேன். மிஸ் டேக்ரஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ‘வடித்தான்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"வடிச்சது சரி. இனத்தோட கோபம்னு யாரு சொன்னது? அரை பாட்டில் இஞ்சி ஒயின். கக்கூஸ் தூரம். அவ்வளவுதான்."

எழுந்து போய்க் கடைசி அலமாரியின் அடித்தட்டிலிருந்து பச்சைத்துணி அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்தார். நோயறைப் பதிவேடு. தேடாமலே பக்கத்தைத் திறந்தார். மற்ற பக்கங்களைவிட அதன் ஓரம் அழுக்கேறியிருந்தது. நவம்பர் 13. நாலாம் கட்டில்: பின்னக் வி., பொன்னுக்குவீங்கி, இரண்டாம் நாள், காய்ச்சல் 103, சோளமாக் கஞ்சி மூன்று கரண்டி. அதற்குக் கீழே, மாலை ஆறு பத்து: ஃபேசி எல்., வாந்தி, இஞ்சி ஒயின், கால்சட்டை மாற்றப்பட்டது.

"சமையக்கட்டுல விழாவுக்கு வச்சிருந்த ஒயினைத் திருடிக் குடிச்சிட்டு வந்து என் செருப்பு மேல வாந்தி எடுத்தான். ‘மிஸ் யூலலி, கிழவன் ஜோனஸை நனைச்சுட்டேன்’னு சொல்லிச் சிரிச்சான். அந்தப் பக்கம் பின்னக் காய்ச்சல் மயக்கத்துல, ரெண்டு கன்னமும் பலாக்காய் மாதிரி வீங்கிக் கெடக்கான். அவனால எச்சி முழுங்க முடியல, எழுந்து கல்லறை வரைக்கும் போவானா?"

"நீங்க சொல்லலையா?"

மிஸ் டேக்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"இந்த நோட்டை எடுத்துக்கிட்டு ஆர்ம்ஸ்பிகிட்ட போனேன். எனக்குப் பத்தொன்பது வயசு. மேட்ரனுக்கு ஒத்தாசையா வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாசம். அவரு நோட்டைத் திறக்கவே இல்ல. ‘அவனோட அப்பா டாக்டர் ஃபேசி நம்ம நிர்வாகக் குழுவுல இருக்கார். பன்னெண்டாவது மாசமும் நீ இங்க இருக்கணும்னு ஆசையா?’ன்னாரு. ஆசைதான்னு திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பின்னக்கோட அம்மா வந்தா. மிஸ் ஐடா. தலையில ஒரு கூடை மஞ்ச வள்ளிக்கிழங்கு. ஆர்ம்ஸ்பி ஆபீஸ் படிக்கட்டுல காலையிலேர்ந்து சாப்பாட்டு மணி வரைக்கும் நின்னா. வந்து பார்த்தாரு. கிழங்கை வாங்கிக்கிட்டாரு. பையனை வாங்கிக்கல." நோட்டை மூடினார். "அன்னிக்கு விடுதிச் சாப்பாட்டுல அந்தக் கிழங்குதான் போட்டாங்க. நானும் தின்னேன்."

நீதிபதியிடம் அவரே போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நீதிபதிதான் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் சாக்கில் மாதமொருமுறை வருவது அவர் வழக்கம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே மிஸ் டேக்ரஸ் பேச்சைத் தொடங்கினார். நீதிபதி கையை இழுத்துக்கொள்ள வழியில்லை.

"ஒன் பேப்பரைப் படிச்சேன்."

"நல்லாருக்கா, மேட்ரன்?"

"பாதி நல்லாருக்கு. மறுநாள் காலைல நடந்தது எங்க?"

"அது எல்லாருக்கும் மனசு கஷ்டம். கொண்டாட்டத்துல எதுக்கு?"

"அன்னிக்கு ஒத்துக்கிட்டா அடி விழும், வாயை மூடிக்கிட்ட. இன்னிக்கு ஒத்துக்கிட்டா கை தட்டுவாங்க, வாயைத் திறக்கற." காற்றை இறக்கினார். "நூத்தி எழுபது. உப்பைக் கொற."

அந்த ஞாயிற்றுக்கிழமை, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னக் வீட்டுக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். "நீ எழுதறவன். நான் ஏதாச்சும் முழுங்கினா எடுத்துக் குடு." ஷேர் டாக்ஸியில் பின்சீட்டில் ஐந்து பேராக நசுங்கிப் போனோம். வழி முழுக்க அவர் பேசவில்லை. அது எனக்குப் புதிது.

பின்னக் ஒரு ஈரப்பலா மரத்தடியில் நிறுத்தியிருந்த தன் பழைய பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயது. பஸ் ஓட்டுவதை விட்டு நாலு வருஷமாகிறது. கழுவுவதை விடவில்லை. மிஸ் டேக்ரஸைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"மிஸ் யூலலி. யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. ஒன்கிட்ட ஒரு விஷயம் சொல்ல வந்தேன். நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

"தெரியாம எப்படி? பக்கத்துல நீங்கதான் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தீங்க." துணியை வாளியில் பிழிந்தார். "செஞ்சது யாரு? அது மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"ஃபேசி."

"டாக்டர் மவன் ஃபேசியா? ஜட்ஜா?" பின்னக் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். "அவனுக்கு அவ்வளவு தைரியம் ஏது?"

"தைரியம் இல்ல. ஒயின்."

நீதிபதி விழாவில் அறிவிக்கப்போவதை நான் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அது கூடாது" என்றார் பின்னக். "கேட்டுக்குங்க. நாலு வருஷம் நான் செய்யலை, நான் செய்யலைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. எழுபத்தி ரெண்டுல, ரம் கடையில ஒருத்தன் ‘அந்த முதலாளி மேல பேஞ்சவன் நீதானே’ன்னு எனக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் குடுத்தான். அன்னியோட மறுக்கறதை நிறுத்திட்டேன். ஐம்பது வருஷமா ஊரு எனக்கு ஊத்துது. என் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க அதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டாங்க. படிப்பை எடுத்துக்கிட்டாங்க, சரி. இப்ப மூத்திரத்தையும் எடுத்துக்கப் போறாங்களா?"

மிஸ் டேக்ரஸ் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

பின்னக் பஸ் கண்ணாடியில் ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அம்மா நம்பல. ஆயிரம் தடவ சொன்னேன். ‘பாதிரியாரு பொய் சொல்லுவாரா’ன்னா. சர்ச்சுல முன் பெஞ்சுல உக்காருவா. அதுக்கப்புறம் கடைசி பெஞ்சு. யாரும் போகச் சொல்லல. அவளே போயிட்டா. சாகற வரைக்கும் அங்கதான்."

"அவ கொண்டாந்த கிழங்கை நான் தின்னேன், வில்மட். அன்னிக்கே. தட்டுல வச்சாங்க, தின்னேன்."

கோழிகள் ஈரத்தில் கீறிக்கொண்டிருந்தன. பின்னக் எங்களைப் போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டார் பின்னக்.

"நல்லாத்தான் இருந்துது."

"இருக்கும். எங்கம்மா கிழங்கு மாவா இருக்கும்." வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "ஜட்ஜு சொல்லட்டும். ஆனா அம்மா படிக்கட்டுல நின்னதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதுக்குன்னா நான் மூத்திரத்தை விட்டுக் குடுக்கறேன்" என்றார். பிறகு, "விழாவுல சாப்பாடு உண்டா?"

"ஆட்டுக்கறிக் குழம்பு" என்றார் மிஸ் டேக்ரஸ்.

"அப்ப வர்றேன்."

நிறுவனர் தினத்தன்று வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. கல்லறைக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் வரிசை விருந்தினர்களுக்கு. மிஸ் டேக்ரஸ், ஒரு வங்கித் தலைவரை "நீ பின்னால போய் உக்காரு, ஒனக்கு நல்ல காது" என்று எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் பின்னக்கை உட்கார வைத்தார். பின்னக் பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். பள்ளி வாசலை ஐம்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு மிதிக்கிறார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன எடமா இது?" என்றார். பதிவேடு மிஸ் டேக்ரஸின் மடியில் இருந்தது.

நீதிபதி எழுந்தார். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அடிமை முதலாளி, பதினைந்து வயது, இனத்தின் கோபம், வடித்தான் எல்லாம் வந்தன. "அந்த மாணவன் நான்தான்" என்றதும் மாணவர்கள் விசிலடித்தார்கள். பழைய மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் ஆயர்கூடக் கைதட்டினார். நீதிபதி தலையை லேசாகச் சாய்த்து அதை வாங்கிக்கொண்டு, தாளை மடித்தார்.

"மீதியையும் சொல்லிடுப்பா" என்றார் மிஸ் டேக்ரஸ்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டது. நீதிபதி குனிந்து பார்த்தார். அப்போதுதான் பழுப்புக் கோட்டைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மடித்த தாளை மறுபடி விரித்தார். அதில் மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

"மறுநாள்..." என்றார். தொண்டையைச் செருமினார். தீர்ப்புக் குரல் போய்விட்டிருந்தது. "மறுநாள் அதுக்காக வில்மட் பின்னக்கை வெளிய அனுப்பினாங்க. அவன் பொன்னுக்குவீங்கியில கெடந்தான். அவங்க அம்மா அதோ அந்தப் படிக்கட்டுல நின்னாங்க. நான் விடுதி ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் பார்த்தேன். எறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

"நானும் சொல்லல" என்றார் மிஸ் டேக்ரஸ், உட்கார்ந்தபடியே. என் பக்கம் திரும்பினார். "எழுதிக்க, சரித்திரம். மிஸ் ஐடா பின்னக்னு பேரையும் போடு."

நீதிபதி தன் நாற்காலியைத் தேடிக் கொஞ்சம் தடுமாறிப்போய் உட்கார்ந்தார். பின்னக் நீண்ட பெருமூச்சு விட்டார். "போச்சு" என்றார் மெல்ல. "இனிமே ரம்முக்குக் காசு குடுக்கணும்."

தலைமையாசிரியை பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் பாடகர் குழுவுக்குக் கையைக் காட்டிவிட்டார். பள்ளிப் பாடல் தொடங்கியது. நிறுவனரின் கருணையில் ஆரம்பித்து நாலு சரணம் போகும். மொத்தக் கூட்டமும் நாற்காலிகள் கிறீச்சிட எழுந்தது. மிஸ் டேக்ரஸும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். பக்கத்தில் பின்னக் எழவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, நேராகப் படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மிஸ் டேக்ரஸ் அவரைப் பார்த்தார். உட்கார்ந்தார். பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, தன் தோளில் வெயில் அடிக்க, அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.